அத்தைக்கு வார்த்த காது

திருவண்ணாமலைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் அண்ணாமலையாரைப் பார்த்த கையோடு பெண்ணையும் பார்த்துவிட்டுப் போவார்கள். சாமியில் குறை இருக்காது. என் அத்தைக்கு இடது காது இல்லை; சிறுவயதில் நாய் கடித்துக் குதறிவிட்டது. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு அந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு தகவலே வராது.

அந்த வருஷம் தீபத்துக்குச் சித்தப்பா மெட்ராஸிலிருந்து ஒரு பாட்டில் ரப்பர் பாலோடு வந்து இறங்கினார். சினிமா ஸ்டுடியோவில் அசுரர்களுக்கு மூக்கு ஒட்டுகிறவர், தங்கைக்கு ஒரு காது ஒட்ட மாட்டாரா? அத்தையின் நல்ல காதை அச்செடுத்தால் இன்னொரு வலது காதுதான் வரும். எனவே என் இடது காது தேர்வாயிற்று. பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லாத ஆளில்லை.

அச்சுக்கு எந்தப் பிளாஸ்டர் என்பதில் சித்தப்பா கறாராக இருந்தார். பல் டாக்டரிடம் வாங்கியதிலும் கொலு பொம்மைக்காரரிடம் வாங்கியதிலும் ஒவ்வொரு வில்லை செய்து காயவைத்தார். முதலாவது பளிங்குபோல் இருந்தது. மற்றது தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது.

"ரெண்டுலயும் நாக்க வெச்சுப் பாருடி," என்றார்.

பளிங்கில் நாக்கு வழுக்கியது. பொம்மைக்காரர் வில்லை நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ஒட்டிக்கிச்சுல்ல? இதான் வேணும். பால்ல இருக்கற தண்ணிய அச்சு உறிஞ்சணும், அப்பதான் ரப்பர் தோலாப் படியும். கெட்டியா மட்டும் இருந்து என்னா பிரயோஜனம்?"

காதுத் துளையில் பஞ்சு அடைத்து, பின்புறம் கோதுமை மாவை அப்பி, எண்ணெய் தடவிப் பிளாஸ்டரை ஊற்றினார். சூடேறியது; நான் அசையவில்லை. காய்ந்த அச்சில் ரப்பர் பாலை வார்த்து, தோல் படிந்ததும் மீதியைக் கவிழ்த்து, மறுநாள் உரித்தார். அவர் உள்ளங்கையில் என் காது கிடந்தது. சாயம் பூசித் தோடும் மாட்டி, பசை தடவி அத்தைக்கு ஒட்டினோம்.

தீபம் பார்க்க வந்த செங்கத்துக்காரர்கள் பெண் பார்க்கவும் வந்தார்கள். "லட்சணமா இருக்குது பொண்ணு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை எல்லோருக்கும் காபி கொடுத்து முடித்தாள். பிறகு காதைப் பிய்த்தெடுத்துக் காலித் தட்டில் வைத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"இது எங்க அண்ணன் பொண்ணு காதுங்க. என்னுது இல்ல. இப்ப பாத்துட்டுச் சொல்லுங்க."

சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை காதைத் தொடவே இல்லை. அத்தையைத்தான் பார்த்தார், வெகுநேரம். பிறகு, "நாள் குறிக்கச் சொல்லும்மா," என்றார் தன் அம்மாவிடம்.

வீடே சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் தட்டில் கிடந்த காதைப் பார்த்து அழுதேன். பளிங்குபோல் இருந்த பல் டாக்டர் பிளாஸ்டரில் வார்த்திருந்தால் காது இன்னும் அழகாக வந்திருக்கும், அத்தை கழற்றியிருக்க மாட்டாள் என்றுதான் அன்று நினைத்தேன்.