கைப்பெடல் பந்தய வண்டி

கால் சைக்கிளில் கோளாறு என்றால் வாடிக்கையாளர் இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்து நம்மைத் திட்டுவார். கையால் பெடல் சுற்றும் பந்தய வண்டியில் அவரால் இறங்க முடியாது, ஆகவே செய்தவருக்குத் தூக்கம் கிடையாது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். காரைக்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி செய்யும் பட்டறையில் டிசைனர் வேலை. டிகிரியைப் பையில் வைத்துக்கொண்டு முதல் வேலையில் திருதிருவென்று விழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எங்கள் முதல் பந்தய வண்டியைக் கேட்டு வந்தவர் காளையார்கோவில் மீனாக்கா. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். இரண்டு மாதத்தில் மாநிலப் பந்தய அணிக்கான தேர்வுப் போட்டி. போன வருஷம் இரவல் வண்டியில் போய், மேம்பால ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டார்.

அளவு

டேப்போடு போனேன். கூச்சம் வேறு. மீனாக்காவுடன் வந்திருந்த அவருடைய அண்ணனிடம், "அக்காவுக்குக் கை எவ்வளவு தூரம் எட்டும்? தோள் வலிக்குமா?" என்று கேட்டு நோட்டில் எழுதினேன். பாவம், அவரும் யோசித்து யோசித்துச் சொன்னார். மூன்றாவது கேள்வியில் மீனாக்கா என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கினார்.

"ஏன் தம்பி, வண்டியை அவுகளா ஓட்டப் போறாக?"

மெத்தை

உணர்வில்லாத உடம்பில் புண் வராமலிருக்க இருக்கைக்கு ஸ்பாஞ்ச் வேண்டும்தான். நான் இரக்கப்பட்டு இரண்டு மடங்கு போட்டுவிட்டேன். முதுகு அமுங்கி, கையின் பலமெல்லாம் ஸ்பாஞ்சுக்குள்ளேயே போனது. மீனாக்கா சந்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார்.

"மெத்தை சோக்கா இருக்கு. ஒரு தலகாணியும் குடு, தேர்வன்னைக்கு அங்கனயே தூங்குறேன்."

பெடல்

கால் பெடலில் ஒன்று மேலே என்றால் மற்றது கீழே. கைப்பெடலில் இரண்டும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். வண்டியைத் திருப்புவதும் அதே கைப்பிடிதான். காலமெல்லாம் சைக்கிள் மாட்டிய எங்கள் மெக்கானிக் சேதுண்ணன், பழக்கத்தில் எதிரெதிராக மாட்டிவிட்டார். வண்டி பாம்பாக நெளிந்தது. மீனாக்கா வேப்பமரத்தில் மோதாமல் தப்பியதே பெரிது. தேர்வுக்கு நாலு நாள்தான் இருந்தது.

எல்லாரும் சேதுண்ணனைப் பார்த்தார்கள். நான் என் வரைபடத்தைப் பார்த்தேன். பக்கவாட்டுப் படம் மட்டும்தான். அதில் ஒரு பெடலை இன்னொன்று மறைத்திருந்தது. இரண்டும் ஒன்றாக என்று எங்கேயும் எழுதவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, "தப்பு என்னுதுண்ணே" என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்தார்.

"அதான் ஒத்துக்கிட்டியே, மூஞ்சியத் தொங்கப் போடாதப்பு. இங்குட்டுப் பிடி, மாத்திப்புடுவோம்."

தேர்வு

பத்து கிலோமீட்டர். அதே மேம்பாலம். மீனாக்கா பெடலைச் சுற்றிக்கொண்டே ஏறினார். ஏற்றத்தில் வேகம் குறைந்தது. வண்டி நெளியவில்லை, நிற்கவும் இல்லை. இரண்டாவதாக வந்தார். நான் ஓடிப்போய்க் குனிந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. தேர்வானவர்கள் பட்டியலை வாசித்ததுகூட என் காதில் விழவில்லை. தலையில் ஒரு தட்டு விழுந்தது.

"நட்டு எங்கயும் ஓடிறாது தம்பி. என்னையப் பாரு, அணியில எடுத்துட்டாக!"

ஆக, இந்த வண்டியை ஓட்டுவதற்குக் கையில் பலம் வேண்டும், செய்வதற்கோ திட்டு வாங்கும் பலமே போதும் என்பதுதான் என் முதல் வருஷப் படிப்பு.