என் கையால் எழுதிய மனு

என் கணவர் பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்தார். பாலம் போடுவதும் பாறை உடைப்பதும்தான் அவர் இருந்த பிரிவுக்கு வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டியது.

ஆறு என்று நாங்கள் சொன்னாலும் அது மலையிலிருந்து இறங்கும் காட்டாறுதான். மழை பெய்தால் இரண்டு மூன்று மாதம் ஓடும், பிறகு மணலுக்கு அடியில் போய்விடும். அந்தத் தண்ணீரை நிறுத்தி வைத்தால் கோடையிலும் தோப்புக் கிணறுகள் வற்றாது என்று அவர் சொன்னார். அவருடைய அண்ணன்மார் இருவரும் பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கல்லும் சிமெண்டுமாக இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் விடுவதற்காக நடுவில் ஓர் இரும்புக் கதவு வைத்ததும் அவர்தான். முதல் இரண்டு வருடம் திறந்தும் விட்டார். பிறகு மழை குறைந்தது. அடுத்த மாதம் திறக்கலாம் என்றார், அதற்கடுத்த மாதம் என்றார். அப்படியே நாலு வருடம் போனது. கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது.

நான் பிறந்தது அந்தக் கீழூர்களில் ஒன்றில். புதுப்பட்டி தாண்டிக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். அந்த ஆறு போய் நிறைக்கிற கண்மாயை நம்பித்தான் ஊரே இருந்தது. என் அண்ணனுக்கும் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில்தான் வயல்.

ஒரு பங்குனியில் பிறந்த வீட்டுக்குப் போனேன். கண்மாய் வெடித்துக் கிடந்தது. மதினி எனக்குக் கால் கழுவ அரைச் செம்பு தண்ணீர் கொடுத்தாள். கழுவிய தண்ணீர் விழட்டும் என்று காலுக்கடியில் ஒரு தாம்பாளத்தை வைத்திருந்தாள். அதை எடுத்துப் போய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். கிணறு உப்பாகிவிட்டதாம். ஆற்று மணலில் இடுப்பளவு குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்ப ஒரு மணி நேரம் ஆகுமாம். அவள் குறையாக எதுவும் சொல்லவில்லை. நான் எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் கணவரிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். வைகாசியில் மறுபடி சொன்னேன். "அண்ணமாரு ஒத்துக்கிடணும்லா. நா மட்டுமா கட்டுனேன்" என்றார். அத்துடன் விட்டுவிட்டேன்.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஒருநாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு என் அண்ணன் அங்கே வந்தார். வீட்டுக்கு வராமல் பள்ளிக்கூடத்துக்கு வந்ததிலேயே எனக்கு என்னவோ போல் ஆனது. சட்டைப்பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏத்தா, ஒரு மனு எழுதித் தரணும்."

"யாருக்குண்ணே?"

"கலெக்டருக்கு. அந்த அணைய எடுக்கச் சொல்லி."

"என்னப் போயி எழுதச் சொல்லுதியளே" என்றேன்.

அவர் தாள்களை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார். "ஊருல எழுதுதுக்கு ஆளு இருக்கு. ஆனா அவனுக மாப்பிள்ளையப் பத்தித் தப்புத் தப்பா எழுதிருவானுக. திருடன்னு எழுதுவானுக. நீ எழுதுனா நடந்தத மட்டும் எழுதுவ."

எழுதினேன். பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்த அந்த அறையில் உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதினேன். கணவர் பெயரை எங்கும் எழுதவில்லை, தோப்புக்காரர்கள் என்றே போட்டேன். கண்மாய் எத்தனை வருடமாக நிறையவில்லை, கிணறு எப்போது உப்பானது, பெண்கள் எங்கே போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதை எல்லாம் எழுதினேன். அண்ணன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை கணவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்று சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் அந்த மனுமேல் விசாரணை. கணவரும் அவர் அண்ணன்மாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் போனார்கள். அங்கே நடந்ததை என் அண்ணன்தான் பிறகு எனக்குச் சொன்னார். அதிகாரி மனுவை எடுத்து, "படிச்சுப் பாத்துட்டு ஒங்க பதிலச் சொல்லுங்க" என்று கணவர் கையில் கொடுத்திருக்கிறார்.

பதினைந்து வருடம் நான் அவருக்கு வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதியவள். பனியிலும் மலையிலும் அவர் படித்த ஒரே தமிழ் என் கையெழுத்துத்தான். நான் படித்த காலத்தில் லகரத்துக்கு முன்னால் துதிக்கை போல வளைத்து எழுதும் பழைய 'லை'தான் உண்டு. புது எழுத்து வந்த பிறகும் என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த மனுவில் 'இல்லை' என்ற சொல் வரிக்கு வரி இருந்தது.

அவர் இரண்டு பக்கத்தையும் படித்தாராம். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து மறுபடியும் படித்தாராம். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, "எழுதியிருக்கது அம்புட்டும் நெசந்தான் சார். எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாராம். அவருடைய அண்ணன்மார் அங்கேயே சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே இடிச்சிருப்பேன்" என்றார்.

"ரெண்டு தடவ சொன்னேன். மதினி வீட்டுக் கெணத்தப் பத்திச் சொன்னேன்."

"கெணத்தப் பத்திச் சொன்ன. மனு எழுதப்போறேன்னு சொல்லலியே."

 நான் முன்பே சொல்லியிருந்தால் அவர் உண்மையில் இடித்திருப்பாரா என்று பல வருடம் யோசித்தேன். சில நாள் இடித்திருப்பார் என்று தோன்றும். சில நாள் இன்னொரு 'பாப்போம்' கிடைத்திருக்கும் என்று தோன்றும்.

ஆவணியில் உத்தரவு வந்து, ஓர் அதிகாரியோடு இடிக்க ஆட்கள் வந்தார்கள். வெடி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அவர்கள் திட்டம். கணவர் போய் மறித்தார். தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று அதிகாரி நினைத்துவிட்டார். "சார், உள்ள தண்ணி இடுப்பளவுதான். அதுக்கடியில ஆறு வருச வண்டல் நிக்கி. மொத்தமா விட்டா கீழ உள்ளவுக வயலு பூரா மூடிரும். மேல்வரிசையில இருந்து ஒவ்வொரு வரிசையா எடுங்க" என்றார். கடப்பாறையைக் கையில் வாங்கி முதல் கல்லை அவரே பெயர்த்தார். எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தார், சிமெண்டுத் தூசியும் சேறுமாக. அவருடைய அண்ணன்மார் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலும் மிதிக்கவில்லை.

அத்தனை பக்குவமாக எடுத்தும், ஐப்பசி வெள்ளத்தில் மிச்ச வண்டல் கரைந்து கருப்பாக இறங்கியது. ஆற்றோரத்தில் அண்ணன் பாவியிருந்த நாற்று முழுக்க முழங்கால் சேற்றில் போய்விட்டது. ஊரில் சிலர் என் கணவரைத் திட்டினார்களாம். அண்ணன் மறுபடி விதை வாங்கிப் பாவினார். அடுத்த வருடம் சேற்றுக்குப் பின்னால் மணல் வந்தது. அதற்கடுத்த வருடம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மதினி வீட்டுக் கிணற்றில் உப்பு குறைந்து, பருப்பு வேகத் தொடங்கியது. ஆற்றில் நாணல் முளைத்துவிட்டது என்றும், கண்மாயில் பேர் தெரியாத பறவைகள் வந்து இறங்குகின்றன என்றும் யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மேலே எங்கள் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க அவர் நட்டிருந்த மூங்கில் கம்பு மூன்றாம் கோடையில் அடிவரை காய்ந்து நின்றது. தென்னை மட்டைகள் நுனியிலிருந்து பழுத்துத் தொங்கின. பிஞ்சுக் குரும்பை நிற்காமல் கொட்டியது. தோப்பை விற்றோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இரண்டு பேர் எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று அவர் சொன்னார். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மில்லுக்குப் பின்னால் வாடகை வீடு. தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். பிளாஸ்டிக் குடங்களோடு நான் வரிசையில் நிற்பேன். அவர் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் என்னைப் பார்த்தால் குடத்தை வாங்கித் தூக்கி வருவார். என்மேல் கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் மில்லில் எந்தப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் ஆபீஸ் பையனிடம் கொடுத்தே எழுதி வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தாலும் என்னிடம் தரமாட்டார். அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு மாசியில் கண்மாயில் மீன் பிடித்தபோது அண்ணன் ஒரு கூடை கெண்டையோடு வந்தார்.

"மாப்ள, வேண்டாம்னு சொல்லிராதிய" என்றார்.

"எதுக்கு வேண்டாம்ங்கேன். உக்காருங்க மச்சான்" என்றார் இவர். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மழை எப்படி, பூச்சி எப்படி என்று பேசினார்கள். அணையைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. போகும்போது அண்ணன், ஒரு தடவை வந்து கண்மாயைப் பார்த்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டார். "வாரேன்" என்றார் இவர். போகவில்லை. அண்ணன் ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டார், இவரும் ஒவ்வொரு வருடமும் வாரேன் என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் மில் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். அவருடைய அண்ணன்மார் வந்தார்கள். என்னைப் பார்க்காமல் காரியத்தை முடித்துவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் கழித்து அண்ணன் என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது பாலத்துக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மதினி வாசலில் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். கால் கழுவினேன். குடிக்கவும் கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனேன், இறங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் எனக்கு இறங்கவில்லை. மதினி வேளாவேளைக்கு மோர் கரைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.