நான் செத்துப்போன சனிக்கிழமை

போன சனிக்கிழமை காலையில் நான் செத்துப்போனேன்.

போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது!

இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதாத நேரங்களில் நான் சாக்ஸபோன் வாசிக்கிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண ரிசப்ஷன் சாக்ஸபோன் இல்லை... ராக்! எழுபதுகளில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு குழுவின் பாட்டுகளை மட்டும், ரெகார்டில் இருக்கிறபடியே வாசிக்கிற 'டிரிப்யூட் பேண்ட்' எங்களுடையது. ஏலக்காய் ஊரில் இதென்ன கூத்து என்கிறீர்களா? எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் மண்டபத்தில் நிகழ்ச்சி. பிளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. 'டிரிப்யூட்' என்று ஆங்கிலத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. வாரா வாரம் தமிழில் எழுதிக் கிழிக்கிறவன் ஆயிற்றே! கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"மேலே பெருசா 'அஞ்சலி'னு போடுங்க. நடுவுல என் போட்டோ. கீழே ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி, மண்டபத்துப் பேரு. அவ்வளவுதான்."

குழுவில் நான்கு பேர் இருக்கும்போது என் போட்டோ மட்டும் எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் கம்ப்யூட்டரில் அஞ்சலி என்றால் ஒரே டிசைன்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிலும் ரோஜா, நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் சாக்ஸபோன் அடங்கவில்லையாம் — வெட்டிவிட்டார். கழுத்துக்கு மேலே நான் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டினார்கள். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் என் கதை முடிந்திருந்தது.

பத்து மணி இருக்கும். சாக்ஸபோன் ரீடை வாயில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். ஊதுகிற இடத்தில் பொருத்தும் மெல்லிய நாணல் சில்லு அது. எச்சிலில் கொஞ்ச நேரம் ஊறினால்தான் ஒழுங்காகச் சத்தம் கொடுக்கும். வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் மனைவி போய்க் கதவைத் திறந்தாள்.

"தங்கச்சி..."

அதற்கு மேல் ஒரே அழுகை.

"ஐயோ, என்னண்ணே? வீட்ல யாருக்கு என்னண்ணே?" என்று என் மனைவி பதறினாள்.

எட்டிப் பார்த்தேன். ஜாபர்!

ஜாபர் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. எங்கள் குழுவின் முதல் கிடாரிஸ்ட் அவன். சொல்லப்போனால் குழுவை ஆரம்பித்ததே நாங்கள் இரண்டு பேரும்தான். அவனுடைய அத்தாவின் (அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஏலக்காய்க் கடை மாடியில்தான் பிராக்டிஸ். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்போம். அத்தா கீழேயிருந்து டீ கொடுத்துவிடுவார். "நீங்க வாசிக்க ஆரம்பிச்சதுலருந்து கடையில எலித் தொல்லையே இல்லப்பா, நல்லா ஊதுங்க!" என்பார்.

அப்புறம் எப்படிச் சண்டை வந்தது? எல்லாம் என்னால்தான்.

எங்கள் நிகழ்ச்சியில் பதினான்கு பாட்டு. அதில் சாக்ஸபோனுக்கு வேலை நான்கில்தான். மற்ற பத்துக்கும் நான் கஞ்சிராவைப் போல ஒன்றை ஆட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். எத்தனை நாள்தான் ஆட்டுவது? மலை மேல் ஒரு ரிசார்ட்டில் வாசித்தபோது, எனக்கான இடம் வந்ததும் நான் நிறுத்தவே இல்லை. ரெகார்டில் இருந்ததைப் போல மூன்று மடங்கு வாசித்தேன். எல்லாம் சொந்தக் கற்பனை. பாதியில் ஜாபர் கிடாரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கியதும் சொன்னான். "மாப்ளே, நாம காப்பியடிக்க வந்தவங்க. இதுல எதுக்குடா உன் சொந்தச் சரக்கு?"

சரியான கேள்வி. நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் நாலு பேர் நிற்கும்போது நான் சொன்னது இது: "சங்கீதத்தைப் பத்தி நீ பேசாத. நீ காய் தரம் பிரிக்கத்தான் லாயக்கு."

அவன் கிடாரை உறையில் போட்டான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். கொஞ்ச நாளில் மலைமேல் இருக்கும் அவர்களுடைய தோட்டத்தோடு தங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலை. அவனுடைய அத்தா தவறிவிட்டார் என்று தகவல் வந்தது. அன்றைக்கு எங்களுக்கு மதுரையில் நிகழ்ச்சி. மற்ற மூன்று பேரும் அடக்கத்துக்குப் போய்விட்டு மதுரைக்கு வந்தார்கள். நான் நேராக மதுரைக்குப் போனேன். போனால் என்ன சொல்வானோ, எல்லோர் முன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது... இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்துவிட்டேன். எவ்வளவு கேவலமான வெற்றி! அவர் கொடுத்துவிட்ட டீயைப் பத்து வருடம் குடித்தவன் நான்.

அந்த ஜாபர்தான் இப்போது என் வாசலில் நிற்கிறான். கையில் பேப்பரில் சுற்றிய மாலை. கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ சாகலையா?"

மூன்று வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வாயில் ரீடு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தோட்டத்துல டவரு கெடைக்காது மாப்ளே. கீழ காய் உலர்த்துற ஸ்டோருக்கு வந்தப்பத்தான் போட்டோவைப் பார்த்தேன். காயெடுக்குற ஆளுகளை அப்படியே விட்டுட்டு வெரசா எறங்கி வர்றேன். வளைவுலயெல்லாம் ஜீப்பை எப்படித் திருப்புனேன்னு எனக்கே தெரியல."

நான் பிளெக்ஸ் கதையைச் சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஜாபர் விழுந்து விழுந்து சிரித்தான். "தமிழ் எழுத்தாளருக்கு அஞ்சலின்னா என்னன்னு தெரியல, பாரு தங்கச்சி!" டீ வந்தது. குடித்தோம்.

"ஜாபரு... அத்தா தவறுனப்ப நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடு மாப்ளே. அன்னைக்கி உனக்குச் சோலி இருந்திருக்கும்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் விட்ட இடத்திலிருந்து மேலே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. "நாளைக்கு நிகழ்ச்சிக்கு வாயேன்" என்றேன், அசடு மாதிரி. "பச்சைக் காய் கெடக்கு மாப்ளே, ஸ்டோர்ல காயப்போடணும்" என்று கிளம்பிவிட்டான்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் செத்துவிட்டான் என்றால் எத்தனை வருடக் கோபத்தையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறோம். அவன் உயிரோடு இருக்கும்போது தெருமுனை வரை போய் ஒரு வார்த்தை பேச நம்மால் முடிவதில்லை. ஏன்? நானோ இன்னும் மோசம். செத்தபோதும் போகாதவன்.

மறுநாள் மண்டபத்தில் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் பாடுகிற முத்துராஜ் பக்கத்தில் வந்தான்.

"ஜாபரண்ணே வந்தாராமே?"

"ஆமாப்பா. மன்னிச்சுட்டான்னு நெனைக்கிறேன்."

முத்துராஜ் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். சொல்லக் கூடாதுன்னு அவர் எங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு. அவுக அத்தா அடக்கத்தன்னைக்கி, மய்யத்தைத் தூக்கவிடாம அரை மணி நேரம் நிறுத்தி வச்சாருண்ணே. பெரியவங்கள்லாம் வஞ்சாங்க. 'என் மாப்ளே வந்துக்கிட்டு இருப்பான், அவன் அத்தா மொகத்தைப் பார்க்கணும்'னு வாசல்லயே நின்னாரு."

அன்றைக்கு மேடையில் நான் என்ன வாசித்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

ஆனால் அவன் வாசலில் நின்ற அந்த அரை மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதுரையில், ஆளே இல்லாத மண்டபத்தில், மைக்கைத் தட்டித் தட்டி "கேக்குதா... கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.