நான் கேட்டது இவரை அல்ல

போன லெந்து தவக்கால நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் சபையை உடைத்துவிட்டுப் போன மனிதர் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சண்டே ஸ்கூல் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போகும்போதுதான் நான் கவனித்தேன். அவர் லேசாகத் தலையசைத்தார். நான் பார்க்காததுபோலக் கடந்து போனேன்.

எங்களுடையது சிறிய சபை. டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஓர் அமெரிக்கச் சபையார் காலை ஆராதனை முடித்துவிட்டுப் போனபின், அவர்களுடைய ஆலயத்தை மதியம் இரண்டு மணிக்கு வாடகைக்கு எடுத்துத் தமிழில் ஆராதனை நடத்துகிறோம். பெரும்பாலும் ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பங்கள். சண்டே ஸ்கூல் ஆரம்பம் முதலே என் பொறுப்பு. அந்த மனிதர் அப்போது சபைச் செயலாளர். ஆராதனையை ஆங்கிலத்துக்கு மாற்றினால்தான் இங்கே பிறந்த பிள்ளைகள் தங்குவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றிய ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து என் பக்கம் கைகாட்டினார்.

"சண்டே ஸ்கூல் நடத்துற சிஸ்டரோட சொந்தப் பொண்ணே சர்ச்சுக்கு வர்றதில்ல. இவங்க நம்ம பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கப் போறாங்க?"

என் மகள் அப்போதுதான் படிப்பை முடித்து கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வேலைக்குப் போயிருந்தாள். தனக்கு விசுவாசம் இல்லை என்று அவள் என்னிடம் சொல்லி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்களுக்காக ஜெபிக்கும்படி இரண்டே பேரிடம் அதைச் சொல்லியிருந்தேன். அது அவர் காதுக்குப் போய், நாற்பது பேர் நடுவில் என் முகத்துக்கு நேராக வந்தது. அவரை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த மாதம் பதினோரு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் தனிச் சபை தொடங்கினார். என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் மிஞ்சினார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் வட்டமே வராது.

இப்போது அந்தத் தனிச் சபையும் உடைந்துபோய், அவரையே அங்கிருந்து ஒதுக்கிவிட்டார்களாம். அவர் வந்த மூன்றாவது வாரம், அவர் சாட்சி சொல்ல விரும்புவதாகப் போதகர் அறிவித்தார். அவர் முன்னால் போய் நின்று, பெருமையினால் இந்தச் சபையைப் பிரித்தேன், ஆண்டவர் என்னை மன்னித்து மறுபடி சேர்த்துக்கொண்டார் என்று சொல்லி அழுதார். ஆன்ட்டிகள் அழுதார்கள். என் கணவர் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். நான் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வீடு திரும்பும்போது டோல்வே சாலையில் காரிலேயே கணவரிடம் பொரிந்து தள்ளினேன். சபையிடம் மன்னிப்புக் கேட்டார், சரி. என் மகளைப் பற்றிப் பேசியதற்கு ஒரு வார்த்தை வந்ததா? அவர் எவ்வளவு அழுதார் பார்த்தாயா என்றார் கணவர். அழுதால் ஆயிற்றா என்று கேட்டேன்.

அந்த வாரமே போதகரைப் பார்க்கப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பொறுமையாகக் கேட்டார். திரும்பி வருகிறவர்களை ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார், வாசலில் நின்று நாம் எப்படித் தடுப்பது என்றார். தடுக்கச் சொல்லவில்லை என்றேன். பிறகு, வாயில் வரக்கூடாது என்று அடக்கிவைத்திருந்தது வந்துவிட்டது.

"ஆறு வருஷமா உபவாசம் இருந்து என் பொண்ணத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன் பாஸ்டர். நான் கேட்டது இவரை இல்ல."

ஜெபிப்போமா என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மகள் போன் செய்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். உன்னைப் பற்றி அப்படிப் பேசின ஆளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றேன். அவளும் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, அந்த அங்கிளை எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, அந்தக் கூட்டம் முடிந்த அன்றைக்கு நான் அவளுக்குப் போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. உன்னால்தான் எனக்கு இந்த அவமானம், எந்த முகத்தோடு இனி அங்கே போவேன் என்று அன்று அவளிடம் கத்தினேன். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மறந்திருப்பாள் என்று நினைத்துவிட்டேன்.

எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அப்போது தமிழில் சொன்னாள்: "நீயும் எனக்கு ஸாரி சொல்லல, அம்மா."

சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அன்றைக்கு இருந்த மனநிலையில், என்று தொடங்கி நியாயப்படுத்தப் பார்த்தேன். பாதியில் எனக்கே கேவலமாக இருந்தது. நிறுத்திவிட்டு, ஸாரிடா, தப்புதான் என்றேன். சரிம்மா என்றாள். வெளியே போகவேண்டும், நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றாள். மறுநாள் கூப்பிட்டாள். ஆலயத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் அந்த மனிதர் என் வகுப்பறை வாசலுக்கு வந்தார். போதகர் அனுப்பினாரோ, தானாக வந்தாரோ தெரியாது.

"அன்னைக்கு உங்க பொண்ணப் பத்திப் பேசுனது பெரிய பாவம் சிஸ்டர். அதை எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாய் பழகியிருக்கிறது. ஆனால் அன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"சொல்லியிருக்கணும் பிரதர்," என்றேன்.

ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர் நகர்ந்தார்.

அன்று அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறு. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருவதற்குள் முதல் வரிசையார் முழங்கால்படியிட்டிருந்தார்கள். பீடத்தின் முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, அவர் பக்கத்தில். பின்னால் வரிசை நிற்கிறது, என்ன செய்ய? போய் முழங்கால்படியிட்டேன். போதகர் முதலில் அவர் கையில் அப்பத்தை வைத்தார், அடுத்து என் கையில். அவருக்குச் சொன்ன வார்த்தைகளையே எனக்கும் சொன்னார். என் மகளிடம் நான் கத்தியது தெரிந்தும் என்னை இத்தனை வருடமாக இந்தப் பந்தியிலிருந்து ஆண்டவர் எழுப்பிவிடவில்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அப்படி நினைத்ததாலேயே பக்கத்தில் இருந்தவர் மீது எரிச்சல் கூடியது. அந்த ஆண்டவர் மீதும்தான்.

எனக்கு முழங்கால் வலி. எழுந்திருக்கத் தடுமாறினேன். அவர் கை நீட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.