மூன்று ஊர் உரிமை கொண்டாடிய லெஃப்ட் அவுட்

நடந்தது வரிசையாக:

1. கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் அறந்தாங்கி அணி ஜெயித்தது. இடது ஓரத்தில் ஓடி, கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் என் அண்ணன்.
2. அவர் வெளியூர் ஆள் என்று தோற்ற அணி கமிட்டியில் புகார் செய்தது. ஒவ்வொரு அணியிலும் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி.
3. இறுதி ஆட்டத்தன்று கமிட்டித் தலைவர் மைதானத்திலேயே விசாரித்தார்.
4. மூன்று ஊர்க்காரர்கள் அண்ணனைத் தங்கள் ஆள் என்றார்கள்.
5. அண்ணன் நீக்கப்பட்டார்.

நான்காவதை விளக்க வேண்டும். எங்கள் அப்பா ரோடு மேஸ்திரி. ரோடு போட்ட இடமெல்லாம் எங்களுக்கு ஊர். அண்ணனும் அப்படியே வளர்ந்து, கூப்பிட்ட அணிக்கெல்லாம் லெஃப்ட் அவுட் ஆடினார். வெறுங்காலோடு, எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவார். எந்த அணியிலும் நிலைக்கவில்லை. பெரிய கோப்பை எதுவும் ஜெயிக்கவில்லை. ஆனால் ஆடிய ஊரில் ஒருவரும் அவரை மறக்கவில்லை.

நான் அப்போதுதான் திருச்சியில் நர்ஸ் படிப்பை முடித்திருந்தேன். அவருடைய வலது முழங்கால் இன்னும் ஒரு ஆட்டம்தான் தாங்கும் என்று சொன்னவள் நான்தான். அந்த ஒன்று இந்த இறுதி ஆட்டமாக இருக்கட்டும் என்றார். கட்டுப் போடுவதற்காக மைதானத்தில் நின்றேன். அங்கே வேறு பெண்கள் இல்லை.

எதிரணி கோட்டைப்பட்டினம். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம், கரியில் ஓடும் பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தே வந்திருந்தார்கள். அண்ணனை நீக்கினால் லாபம் அவர்களுக்குத்தான். ஆனாலும், இவர் எந்த ஊர் என்று தலைவர் கேட்டவுடன், அறந்தாங்கி கேப்டன் வாயைத் திறப்பதற்குள் அவர்களில் ஒரு மீன் வியாபாரி எழுந்துவிட்டார்.

“எங்க ஊரு ஆளுங்க அவரு. எங்க வீட்டுச் சோத்துலதான் அந்தக் காலு ஓடுது.”

“அதெப்படி? எங்ககூட வலை இழுத்தவரு. கட்டுமாவடி ஆளு,” என்றார் இன்னொருவர்.

அறந்தாங்கிக்காரர்களும் விடவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசினார்கள். மூன்று ஊருக்கும் சொந்தம் என்றால் எந்த ஊருக்கும் சொந்தமில்லை என்று தலைவர் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“நீங்க எந்த ஊருங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“தஞ்சாவூர்.”

“அப்ப அறந்தாங்கி கமிட்டியில எப்படி உக்காந்திருக்கீங்க?”

பொம்பளைக்கு இங்கே என்ன பேச்சு என்றார். அது பதில் இல்லை என்றேன்.

அண்ணன் பனியனைக் கழற்றப் போனார். கோட்டைப்பட்டினம் கேப்டன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போட்டுக்கங்கண்ணே. ஒங்கள வெளிய நிறுத்திட்டு வர்ற கப்பு எங்களுக்கு வேணாம்.”

இரண்டு அணியும் வறண்டு கிடந்த கண்மாய்க்கு நடந்தன. கூட்டமும் பின்னாலேயே போனது. மைதானத்தில் கமிட்டியும் அதன் நாற்காலிகளும் மிஞ்சின. கண்மாயில் மூங்கில் நட்டுக் கோல் அமைத்தார்கள். நான் அண்ணனின் முழங்காலில் இறுக்கிக் கட்டுப் போட்டேன்.

அறந்தாங்கி தோற்றது. முடிகிற நேரத்தில் ஒரு பந்தைத் துரத்தும்போது அண்ணன் முழங்கால் விட்டுப்போய் விழுந்தார். மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் தூக்கி வந்தார்கள். படித்தவள், தடுத்திருக்கலாமே என்று என்னை இப்போதும் கேட்கிறார்கள். மறுபடி அந்த நாள் வந்தாலும் கட்டுப் போட்டுத்தான் அனுப்புவேன்.

அந்த ஆட்டத்தைக் கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வருஷக் கோப்பை யாருக்கும் தரப்படவில்லை. அண்ணனின் வலது கால் முழுதாக மடங்காது. அவர் இப்போது ஆடுவதில்லை. கட்டுமாவடியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறார். நான் அறந்தாங்கியில் நர்ஸாக இருக்கிறேன்.