மீன் தின்னாதவள் வெட்டிய மீன்முள்

சேற்றில் மரம் வளர்க்கும் வேலையில் ஒரு சௌகரியம்: தப்பு யார் செய்தாலும் முழங்கால் வரை எல்லோரும் ஒரே நிறம். "வீட்ல சும்மாதானே இருக்கே" என்ற ஒரே தகுதியில் ஊர் வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து மரக்காணம் உப்பங்கழிக்குப் போய், மீனவப் பெண்களோடு அலையாத்தி மரக்கன்று நடுகிறேன். அலைத்தண்ணீர் எட்டாமல் முதல் வருஷக் கன்றுகள் காய்ந்தன. "இந்த வாட்டியும் பட்டுப்போச்சின்னா எடத்த எறா பண்ணைக்கு உட்டுடுவோம்" என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார்.

முருங்கைக்காய்

அலையாத்தியில் சுரபுன்னை என்று ஒரு வகை. அதன் விதை நீளமாய், பச்சையாய், முருங்கைக்காய் போலவே தொங்கும். ஒரு பை நிறையக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், லீவு நாளில் உதவுகிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் பாதியைத் துண்டு போட்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் மனிதர் அசரவே இல்லை. "முத்தல்னு அப்பவே நெனச்சேன். மரமா இது?"

மீன்முள்

தண்ணீர் உள்ளே வந்து போக நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள். "மீன்முள் மாதிரி வெட்டுங்க" என்றார்கள் வனத்துறைப் பயிற்சியில். நாங்கள் மேல்சித்தாமூர் மடத்துக்குப் போகிற ஜைனக் குடும்பம். முட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை. மீன்முள் சீப்பு மாதிரி இருக்கும் என்று நானே தீர்மானித்து, எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த கான்வென்ட் சிஸ்டர் மெச்சும்படி கயிறு கட்டி, கிளைகளை நடு வாய்க்காலுக்குச் செங்குத்தாக வெட்ட வைத்தேன். கழியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் அஞ்சலை ஏதோ முனகினாள். "பேசாம வெட்டு" என்று அதட்டினேன்.

ஒரே வாரம். கிளைகளையெல்லாம் சேறு அடைத்துவிட்டது. அஞ்சலை சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, தின்று முடித்த மடவை மீனின் முள்ளை என் முன்னால் நீட்டினாள். நடுமுள்ளிலிருந்து எல்லாமே சாய்ந்து கிளம்பின. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். "நல்லா பாத்துக்கோ மேடம். எந்த மீனுக்கு முள்ளு நேரா நிக்கிது? இன்னாத்த படிச்சிக்கினு வந்தியோ!"

பிடி

கயிற்றைத் தூக்கிப் போட்டோம். அஞ்சலை காலால் கோடு கிழித்த இடத்தில் சாய்வாக வெட்டி, மறுபடி நட்டோம். மழைக்காலம் முடிந்ததும் தலைவர் பார்க்க வந்தார். இலை பச்சையாக இருந்தும் நம்பாமல், ஒரு கன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்; வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தார். பண்ணைப் பேச்சு அதோடு சரி. கை கொடுத்துத் தூக்கிய அஞ்சலை சொன்னாள்: "உடு தலைவரே. அது புடிச்சிக்கிச்சி, நீதான் புடுங்கிக்கின!"

ஆக, முட்டைகூடத் தொடாத நான் வெட்டிய ஒரே மீன் இதுதான். பாவம் ஒட்டவில்லை, சேறுதான் இன்னும் போகவில்லை.