கண்ணனின் புத்தியை அளந்த கதை

இன்று எங்கள் ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடத்துக்குப் பட்டணத்திலிருந்து ஒரு மனோதத்துவ மேதாவி வந்து, பையன்களின் புத்தியை அளந்தார்.

சீமை வீட்டுப் படம் ஒன்றைக் காட்டி, "இதுல என்னடா குறையுது?" என்று என் சிநேகிதன் கண்ணனைக் கேட்டார்.

"வாசல்ல கோலம் இல்லை சார்."

"மண்டு! கூரையில புகைபோக்கி இல்லை. உன் புத்திக்கு ஏழு வயசுதான் ஆகுது. கீழ் வகுப்புக்குப் போ!"

தலைமையாசிரியரும் தலையாட்டினார். பதினான்கு வயதுக் கண்ணன் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், உங்க வீட்டுல புகைபோக்கி இருக்குங்களா?"

"அதிகப்பிரசங்கி! நீயும் அவனோட போடா!"

நாளை முதல் நாங்கள் இருவரும் கீழ் வகுப்பில்தான். பெஞ்சில் இன்னும் இடமிருக்கிறது. அந்த மனிதரிடம் பாஸான அவமானம் தாங்காதவர்கள் தாராளமாக வந்து உட்காரலாம்.